மருமகள் வைத்த பிரேக்

என் மருமகளின் தொழில் பொருள்களைக் கீழே விழ வைப்பது. என் மகன் முதன்முதலாக அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, "நீ என்னம்மா வேலை பார்க்கறே?" என்று கேட்டேன். "கேம்ல பொருளெல்லாம் விழும், உருளும், உடையும் இல்லையா, அது எப்படி விழணும்னு எழுதறேன்" என்றாள். பந்து எவ்வளவு எகிற வேண்டும், துணி எப்படி மடிய வேண்டும், சுவர் இடிந்தால் எந்தக் கல் எந்தப் பக்கம் உருள வேண்டும், இதெல்லாம் அவள் வேலையாம். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் என் மகன் இத்தனை வருஷமாக இலவசமாகவே எல்லாவற்றையும் கீழே போட்டு உடைத்துக்கொண்டிருந்தான்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். நானே ஆரம்பித்தேன், நானே சொல்லிக்கொடுக்கிறேன், நானே திட்டுகிறேன். எங்கள் பயிற்சிக் கார்களில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எனக்கு ஒரு பிரேக். ஓட்டுகிறவர் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பேன். மறக்காவிட்டாலும் சில சமயம் மிதிப்பேன். அதனால் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'பிரேக்கம்மா'. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். என்னைப் பற்றி அதை நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் எனக்கு மிஞ்சிய வியாதி ஒன்று உண்டு. எந்த வண்டியில் ஏறினாலும் என் வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாலும், தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் தரையை அமுக்கும். மகன் ஓட்டினால் கால் வலியே வந்துவிடும். அவன் கார் ஷோரூமில் விற்பனையாளன், பேச்சும் வண்டியும் ஒரே வேகம். மருமகள் ஓட்டினால் வேறு தொல்லை. நடந்து போகிறவர்கள் அவளுக்கு வழிவிட்டு நிற்பார்கள், கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு அலுத்துப்போய்த் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் ஓட்டும் வண்டியில் நான் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் புது விதி வந்தது. டிரைவிங் ஸ்கூல் என்றால் ரோட்டுக்குப் போகும் முன் உட்கார்ந்து பழக ஒரு சிமுலேட்டர் இருக்க வேண்டும். திரையில் ரோடு ஓடும், கையில் ஸ்டியரிங், காலுக்குப் பெடல். போக்குவரத்து ஆய்வாளர் வந்து ஓட்டிப் பார்த்து, சரி என்றால்தான் பள்ளிக்கு அடுத்த உரிமம். இல்லையென்றால் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ரெடிமேட் சிமுலேட்டர் விற்கிறவரிடம் விலை கேட்டேன். கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

"நான் செஞ்சு தரேன் அத்தை" என்றாள் மருமகள்.

"நீயா? விழ வைக்கறதுதானே உன் வேலை?"

"விழாம ஓட வைக்கறதும் அதே கணக்குதான்."

அவளிடம் ஒரு கேமிங் லேப்டாப் இருந்தது. காய் நறுக்கும் பலகை கனம் இருக்கும். கீபோர்டு சிவப்பும் பச்சையுமாக மின்னும். வேலை அதிகமானால், குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் முனகுமே, அப்படி முனகும். அதை எங்கள் பள்ளியின் பின்னறையில் மேஜைமேல் வைத்து, ஸ்டியரிங்கைத் திருகி மாட்டி, பெடல்களைத் தரையில் பதித்தாள். பிறகு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஈர ரோட்டில் பிரேக் மிதித்தால் கார் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்? மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது எவ்வளவு பின்னால் வரும்? வாயால் சொன்னால் அவளுக்குப் போதாது. மழை பெய்த ஒரு காலையில் என்னைக் காலி மைதானத்துக்கு ஓட்டச் சொல்லி, நான் பிரேக் போடப் போட, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு டேப் வைத்து அளந்தாள். சேற்றில் முழங்கால் வரை நனைந்துவிட்டாள். மறுபடி ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இந்தப் பெண் பிரேக்கை மதிக்கிறாள் என்று.

அவள் செய்து முடித்ததை முதலில் பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருப்பது எங்கள் வீட்டில் செய்தி. திரையில் ஒரு சரிவான ரோடு. மழை கண்ணாடியில் விழுந்து வழிகிறது. மரத்திலிருந்து இலைகள் பறக்கின்றன. ஓரத்தில் பிளாஸ்டிக் கூம்புகள், இடித்தால் உருண்டு ஓடுகின்றன. சரிவின் முடிவில், நடந்து போகிறவர்கள் கடக்கக் கோடு போட்ட ஓர் இடம். அங்கே ஒரு சின்னப் பெண் பையை மாட்டிக்கொண்டு திடீரென்று குறுக்கே ஓடி வருவாள். அதைப் பார்த்ததும் என் கால் தரையை ஓங்கி மிதித்தது. மருமகள் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "அப்ப சரியா வந்திருக்கு" என்றாள்.

வினை பல் டாக்டர் ரூபத்தில் வந்தது. அவர் எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தவர். பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார், ஊரார் வாயில் கை விடுகிறவர், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். அவரைச் சிமுலேட்டரில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு, "நீங்களே பழகுங்க" என்று வெளியே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளிறி வெளியே வந்தார்.

"மேடம், அந்தக் குழந்தைய அடிச்சிட்டேன்."

"எந்தக் குழந்தைய?"

"திரையில வர்ற குழந்தைய. பிரேக் மிதிச்சேன் மேடம். கொஞ்சம் லேட்டாத்தான் பிடிச்சுது."

"நீங்க லேட்டா மிதிச்சிருப்பீங்க" என்று சொல்லி, அவரை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப் போய், நானே உட்கார்ந்து ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி பிடித்தது. "பாருங்க! நான் மிதிச்சா பிடிக்குதே!" என்றேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் இன்னொருவர் அதையே சொன்னார். அவருக்கும் அதே பாட்டைப் பாடினேன்.

மருமகள் இதைக் கேட்டுவிட்டு டாக்டர் பக்கம் பேசினாள். எனக்குச் சுருக்கென்றது.

"அத்தை, போன மாசம் கார் பிரேக் பிடிக்கலைன்னு போனப்ப மெக்கானிக் உங்ககிட்ட என்ன சொன்னாரு? 'நான் மிதிச்சா பிடிக்குது மேடம், உங்க ஆளுங்க மிதிக்கறதுதான் சரியில்லை'ன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருந்தேன். பிரேக் ஆளைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது, யார் மிதித்தாலும் பிடிக்கணும், அதுக்குப் பேர்தான் பிரேக் என்று. என் வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது மட்டுமல்ல. பிடிக்காத பிரேக்கில் பழகிய கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அது எட்டி எட்டி மிதிக்கப் பழகும். நிஜ ரோட்டுக்கு அந்தக் காலோடு போனால், ஒன்று பின்னால் வருகிறவன் வந்து மோதுவான், இல்லை, குறுக்கே நிஜமாகவே ஒரு குழந்தை வரும். ஆய்வாளர் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நானே அந்தப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். அப்படி எறிந்தால் பள்ளியையும் சேர்த்து எறிய வேண்டும். அவர் வருகிற நாள் அடுத்த வாரத்துக்குள் இருந்தது.

அன்று மத்தியானம் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் பிளக்கில் மாட்டித் திறந்து வைத்து, என்னையும் என் மகனையும் உட்கார வைத்தாள். செட்டிங்ஸில் எங்கேயோ உள்ளே போய் ஒரு பக்கத்தைக் காட்டினாள். அதில் ஃபிசிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்று போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னாள்.

"இங்கேயும் ஆக்ஸிலரேட்டரா?" என்றேன். "எவனைப் பார்த்தாலும் அதைத்தான் முதல்ல தேடறான். பிரேக் எங்க இருக்குன்னு ஒருத்தனும் கேக்கறதில்லை."

"அதேதான் அத்தை விஷயம்" என்று சிரித்தாள். "கார் ஓடுது, மழை பெய்யுது, இலை பறக்குது. ஒவ்வொண்ணும் அடுத்த கணம் எங்க இருக்கணும்னு யாராவது கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கணும். இந்தப் பெட்டிக்குள்ள அதுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணு பிராசஸர். எந்த வேலை குடுத்தாலும் யோசிச்சுச் செய்யும், ஆனா ஒரே நேரத்துல கொஞ்சம்தான் செய்யும். இன்னொண்ணு கிராபிக்ஸ் கார்டு. அது ஆயிரம் பேர் உக்காந்து வெங்காயம் உரிக்கிற மாதிரி. உரிக்கச் சொன்னா மூட்டை மூட்டையா உரிச்சுப் போட்டுருவாங்க. உப்பு சரியா இருக்கான்னு கேட்டா ஆயிரம் பேரும் முழிப்பாங்க."

"மழைத்துளி வெங்காயம். பிரேக் உப்பு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க அரை நாள் ஆகும் அத்தை" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தில் தேர்ந்தெடுக்க மூன்று வழி இருந்தது. வேலையைக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடு, பிராசஸருக்குக் கொடு, இல்லை, தானாகவே முடிவு செய்துகொள். இப்போது மூன்றாவதில் இருக்கிறது என்றாள். மகன் போனை வைத்துவிட்டுக் குதித்தான்.

"கிராபிக்ஸ் கார்டுக்கே மொத்தத்தையும் குடுத்துரு. அதுக்குத்தானே இவ்வளவு பெரிய லேப்டாப்? பவர் மோடும் ஃபுல்லா வெச்சிரு, மத்த எல்லாத்தையும் ஹைல போடு. வேலை முடிஞ்சுது."

"ஒண்ணொண்ணா பாக்கலாமே" என்றாள்.

பிறகு அவள் செய்ததை நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுவாள். அதே சரிவில், அதே மழையில், அதே வேகத்தில் கீபோர்டிலேயே ஓட்டுவாள். படம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று திரை மூலையில் காட்டும் எண்களைப் பார்ப்பாள். மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். மழை முழுவதையும் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்தபோது படம் லேசாகத் திக்கியது. படம் வரைகிறவர்களும் அந்த ஆயிரம் பேர்தானாம், கணக்கும் தலையில் விழுந்தால் திணறுகிறார்கள். எல்லாவற்றையும் பிராசஸரிடம் கொடுத்தபோது கார் சேற்றில் மாட்டியதுபோல் நகர்ந்தது. தானாக முடிவு செய்யும்படி விட்டபோது இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக்கொண்டு அருமையாக ஓடியது.

"அப்ப இதுவே நல்லாருக்கே!" என்றான் மகன். "அஞ்சாறு விஷயத்தை ஒண்ணா மாத்திட்டா சீக்கிரம் முடியும்ல?"

"எதனால சரியாச்சுன்னு தெரியாம சரியானா, அது சரியானதே இல்லங்க" என்றாள். "இப்ப நல்லா ஓடுது. டாக்டர் உக்காந்தப்ப ஓடலை. அது தானா என்ன முடிவு பண்ணுது, எப்ப மாத்திக்குதுன்னு நமக்குத் தெரியணும்."

இருபத்திநாலு மணி நேரமும் கத்துகிற எனக்கு இந்த நிதானம் எங்கிருந்தும் வராது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதெல்லாம் சும்மா இருக்கத் தெரியாதவர்களை உட்கார வைக்கச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அவள் பொறுமை சும்மா இருப்பதல்ல. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருப்பது.

அதே செட்டிங்ஸில் இன்னொரு வசதி இருந்தது. அதைப் போட்டால், கணக்கை இப்போது யார் போடுகிறார்கள் என்று திரை ஓரத்தில் சின்ன எழுத்தில் காட்டும். அதைப் போட்டாள். மறுநாள் பள்ளிக்கு என்னோடு வந்து, பின்னறை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க உங்க பாட்டுக்கு வழக்கம்போல கிளாஸ் எடுங்க அத்தை. நான் இருக்கறதையே மறந்துருங்க" என்றாள்.

பல் டாக்டரை வரவழைத்தேன். உள்ளே போனேன், எல்லாச் சுவிட்சையும் போட்டேன், உட்கார வைத்தேன், சொல்லிக்கொடுத்தேன், ஒரு தடவை ஓட வைத்தேன். நன்றாகவே பிரேக் பிடித்தது. "பழகுங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் வெளியே வந்து அடுத்த ஆளுக்குக் காரை எடுத்தேன். திரும்பி வந்தபோது டாக்டர் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். மருமகள் புத்தகத்தை மூடிவிட்டிருந்தாள்.

"இடிச்சாரா?"

"இடிச்சாரு. ஆனா அவர் கால் மேல தப்பில்லை அத்தை. நான் பார்த்தேன்."

"அப்புறம் யார் மேல தப்பு?"

அவள் லேசாகச் சிரித்தாள். "அந்தத் தானா முடிவு பண்ற செட்டிங் மேல" என்றாள். டாக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு இன்னும் அதிகமாகப் பயந்துபோய், பரவாயில்லை மேடம், பரவாயில்லை மேடம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த சில நாள்கள் அவள் நிமிரவே இல்லை. காருக்கும் மழைக்கும் ஒரே கணக்காக இருந்ததைப் பிரித்துத் தனித்தனியாக எழுதுவதாகச் சொன்னாள். சக்கரம், பிரேக், அந்தக் குழந்தை, இந்த மூன்றும் எப்போதும் பிராசஸரிடம். வேறு எந்த வேலை வந்தாலும் அதற்குப் பிறகுதான். மழையும் இலையும் கிராபிக்ஸ் கார்டிடம், அதுவும் அளவோடு. கார்டால் முடிந்தால் பெய்யட்டும், முடியாவிட்டால் தூறட்டும். தானாக முடிவு செய்வது என்பதை அணைத்தே விட்டாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரே ஒரு பட்டனுக்கு இத்தனை பாடா, ஷோரூமில் இந்த நேரத்தில் ஒரு காரையே விற்றிருப்பேன் என்றான். "அந்த காருக்கு பிரேக் யார் வெச்சாங்க?" என்று கேட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகத்தோடு வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"இது கடையில வாங்கினது இல்லையா?"

"எங்க மருமக செஞ்சது சார்" என்றேன்.

"வீட்ல செஞ்சதா?" என்று மருமகளைப் பார்த்தார். "போன வாரம் ரெண்டு எடத்துல வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். பொம்மை விளையாட்டு மாதிரி இருந்துது. ரோட்ல போற உசுரு சம்பந்தப்பட்டது, புரியுதில்ல?"

"புரியுது சார். நீங்க ஓட்டிப் பாருங்க" என்றாள்.

நான்தான் அறைக்குள் அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் போட்டேன். அவர் உட்கார்ந்து சீட்டைச் சரி செய்துகொண்டார், பெடல்களை அமுக்கிப் பார்த்தார், ஒரு தடவை நேர் ரோட்டில் ஓட்டினார். என் வாய் சும்மா இருக்குமா? "சார், மிரர் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நான் தனியா ஓட்டிப் பார்க்கணும்."

வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வாசலில் மகனும் மருமகளும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிலையைத் தாண்டினேன்.

"அம்மா!" என்றான் மகன். "சுவிட்சு!"

என் இடது கை நிலைப் பக்கத்துச் சுவிட்ச் பலகையில் இருந்தது. லைட் சுவிட்சையும் அதற்குக் கீழே இருக்கும் பிளக் சுவிட்சையும் உள்ளங்கையால் ஒரே தடவலில் அணைத்திருந்தேன். அறைக்குள் நுழைந்தால் போடுவேன், வெளியே போனால் அணைப்பேன். வண்டியை விட்டு இறங்கினால் சாவியை எடுப்பதுபோல் அது எனக்கு. பகல் வெளிச்சத்தில் அணைத்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அது பாட்டுக்கு ஓடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உள்ளே இருக்கிற வரை பிரேக் பிடிக்கும். நான் வெளியே போனால் பிடிக்காது. டாக்டர் என்ன, அவருக்குப் பின்னால் வந்தவர் என்ன, அத்தனை பேர் காலையும் குறை சொல்லிவிட்டு, சூனியம் வைத்தவள் நானே. உள்ளே திரையின் வெளிச்சம் லேசாக மங்கியது. ஆய்வாளர் சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டார். அடக் கடவுளே, என் பள்ளியை என் கையாலேயே அணைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சுவிட்சைத் திரும்பப் போடக் கையைக் கொண்டு போனேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"இருக்கட்டும் அத்தை" என்றாள் மருமகள், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். இல்லை, இரண்டு பேர். அவள் நன்றாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கொட்டிக்கொண்டிருந்த மழை தூறலாக மாறியது. இலைகள் குறைந்தன. கார் சரிவில் வேகம் பிடித்தது. ஆள் கடக்கிற கோடு தெரிந்தது. பையை மாட்டிய சின்னப் பெண் ஓரத்திலிருந்து குறுக்கே ஓடி வந்தாள். ஆய்வாளரின் கால் அசைந்தது. என் கால் தரையை உடைப்பதுபோல் மிதித்தது.

கார் கோட்டுக்கு முன்னால் நின்றது. ஈர ரோட்டில் எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு இழுத்து, அதற்குமேல் இழுக்காமல் நின்றது. சின்னப் பெண் ரோட்டைக் கடந்து போனாள்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"நடுவுல மழை குறைஞ்ச மாதிரி இருந்துதே?"

"ஆமா சார்" என்றாள். "கரண்ட் இல்லைன்னா பெட்டிக்குச் சக்தி குறைஞ்சிடும். அப்ப மழையைக் குறைச்சுக்கும். பிரேக்கைக் குறைக்காது."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். திரும்பி, இன்னும் ஒரு தடவை அதே சரிவில் ஓட்டினார். வேண்டுமென்றே வேகமாகப் போய் மிதித்தார். நின்றது. எழுந்து வந்து, "மத்த எடத்துக்கெல்லாம் இப்படி யாராவது இருந்தா நல்லாருக்கும்" என்று என்னிடம் சொன்னார். சிரிக்கவில்லை. ஆனால் மருமகளுக்குத் தலையைச் சாய்த்துவிட்டுப் போனார். உரிமம் உண்டு என்று எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து மகன் ஆரம்பித்தான். "அம்மா, எல்லாம் நீதானா! ஒரு வாரமா இவ உசுரை வாங்கி..."

"நீ சும்மா இரு" என்றேன். மருமகளிடம் திரும்பினேன். "இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மூலையில உக்காந்திருந்தேனே, அன்னைக்கே. நீங்க வெளிய போனீங்க. திரை ஓரத்து எழுத்து மாறிச்சு. பேட்டரிக்குப் போனதும் கிராபிக்ஸ் கார்டு தூங்கிடும் அத்தை. தானா முடிவு பண்ற செட்டிங், அத்தனை மழையையும் தூக்கி பிராசஸர் தலையில போட்டுச்சு. அதுவே சக்தியைக் குறைச்சுக்கிட்டு இருக்கிற நேரம். பிரேக் மழைக்குப் பின்னால வரிசையில நின்னுது."

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சுவிட்சை அணைக்காம இருந்திருப்பேன்."

"சுவிட்சு மேல ஒரு டேப்பை ஒட்டியிருந்தாலே போதுமே!" என்றான் மகன்.

"நீங்க அணைக்காம இருந்திருப்பீங்க" என்றாள் என்னிடம். "வேற யாராவது அணைப்பாங்க. இல்லைன்னா கரண்டே போகும். பிரேக் ஆளைப் பார்த்துப் பிடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் உங்களை மாத்தாம, அதை மாத்தினேன்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த ஒவ்வொருவரையும் மாற்றித்தான் பழக்கம். கையை மாற்று, காலை மாற்று, பார்வையை மாற்று. என் குறையைக் கண்டுபிடித்து, அதை யாரிடமும் சொல்லாமல், என் மேல் கோபமும் படாமல், அந்தக் குறை இருந்தாலும் ஆள் சாகாதபடி ஒன்றைச் செய்யலாம் என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. ஊரெல்லாம் நல்ல மருமகள் என்று எதையெதையோ சொல்கிறார்கள். எனக்கு இவள் போதும். "பெரிய ஆள்தான்டி நீ" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடி, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மகன் தன் வண்டியில் ஷோரூமுக்குப் போய்விட்டான். "நீ எடு" என்று சாவியை மருமகளிடம் கொடுத்தேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பயிற்சிக் கார்தான், என் காலடியில் என் பிரேக் இருந்தது. அவள் வழக்கம்போல் சீட்டைச் சரி செய்து, மிரரைச் சரி செய்து, பெல்ட்டைப் போட்டு, ரோடு முழுவதும் காலியாகும் வரை காத்திருந்து எடுத்தாள்.

வழியில் சிக்னல் வந்தது, ஸ்கூல் விடும் நேரக் கூட்டம் வந்தது, ஓர் ஆள் போனில் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார். அவள் நின்றாள், விட்டாள், போனாள். சுவிட்சை அணைத்தது நான்தான் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் இறங்கச் செருப்பைத் தேடினேன். அது பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் கழன்று கிடந்தது. வழி முழுவதும் நான் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.